அருவிக்கரையின் சொத்துக் கணக்கு

குற்றாலம் பேரருவிக்கு எதிரே நிற்பவர் ஓரிடத்தில் நிற்பதாகத்தான் நினைப்பார். அரசாங்கக் கோப்புகளின்படி பார்த்தால் அவரைச் சுற்றி ஆறேழு துறைகளின் எல்லைகள் ஓடுகின்றன. தலைக்கு மேலே செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் ஏறும் காடு வனத்துறையுடையது. பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து நிரம்பி வழிந்து, சிற்றாறாகக் கீழே ஓடும் தண்ணீர் நீர்வளத் துறையின் பொறுப்பு. அருவியை ஒட்டி நிற்கும் திருக்குற்றாலநாதர் கோயிலும், சற்றுத் தள்ளியிருக்கும் சித்திர சபையும், கோயில் நிலத்தில் முளைக்கும் சீசன் கடைகளும் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வருகின்றன. அகழ்வைப்பகம் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. வந்து சேர்ந்த பிரதான சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. தெருவிளக்கு, கழிப்பறை, குப்பை, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் பேரூராட்சி பார்க்க வேண்டியவை. குளிக்கலாமா கூடாதா என்று விசில் ஊதிச் சொல்வது காவல் துறை.

இத்தனை பேர் உடைமைக்காரர்களாக இருக்கும் ஓரிடத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி உடைந்தால் அதை மாற்றுவது யார்? எந்த நிதியிலிருந்து? எத்தனை நாளுக்குள்? அந்தக் கம்பி எந்த ஆண்டு போட்டது, இன்னும் எத்தனை வெள்ளம் தாங்கும் என்று எந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது? உள்ளாட்சிச் சொத்து மேலாண்மை என்று நிர்வாக மொழியில் சொல்லப்படுவதன் சாரம் இந்தக் கேள்விகள்தான். தமிழ்நாட்டில் இவற்றை முழு அக்கறையோடு கேட்பதற்குக் குற்றாலத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

காரணம் எளிமையானது. குற்றாலம் எட்டு வார்டுகள் கொண்ட சிறு பேரூராட்சி. மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் இரண்டாயிரத்தைச் சற்றே தாண்டுவார்கள். தென்மேற்குப் பருவம் தொடங்கி ஆனி, ஆடி மாதங்களில் சாரல் பிடித்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டமே ஊரின் மக்கள்தொகையைப் பல மடங்கு மிஞ்சிவிடும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் கூட்டம். குழாய், கழிப்பறை, சாக்கடை, நடைபாதை எல்லாவற்றையும் தேய்ப்பவர்கள் வந்து போகிறவர்கள். அவற்றைப் பராமரிக்க வேண்டியவர்களோ இரண்டாயிரம் பேருக்கென அமைக்கப்பட்ட ஓர் அலுவலகத்தினர்.

நிதிப் பங்கீடு இந்த முரண்பாட்டைக் கண்டுகொள்வதில்லை. தமிழ்நாடு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. மாநில நிதி ஆணையங்கள் வகுத்த பங்கீட்டில் மக்கள்தொகைக்கு முக்கிய இடம் உண்டு. அந்த மக்கள்தொகை வீட்டில் படுத்துறங்குகிறவர்களின் எண்ணிக்கை. அதுவும் 2011இல் எடுத்தது. அருவியில் குளித்துவிட்டு மாலையில் கிளம்புகிறவர் எந்தச் சூத்திரத்திலும் இல்லை. குற்றாலத்தின் கழிப்பறைகளைப் பற்றி ஒவ்வொரு சீசனிலும் எழும் புகார்களுக்குப் பணியாளர்களின் அலட்சியம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எந்தச் சுமைக்கு எவ்வளவு பணம் என்ற கணக்கே தப்பாகப் போடப்பட்டிருக்கும்போது, அலட்சியத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் நடந்ததைத் தென்காசி மறந்திருக்காது. மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளிலும் பாறைகளிலும் சிதறி ஓடினார்கள். திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். பழைய குற்றாலம் இருப்பது குற்றாலம் பேரூராட்சியில் இல்லை, ஆயிரப்பேரி ஊராட்சியில். அருவி நீர் அழுதகண்ணியாறாகி வயல்களுக்குப் போவதால் அங்கே பொதுப்பணித் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் நெடுநாள் உறவு உண்டு. அருவிக்கு மேலே வனத்துறை. வண்டிகளுக்குக் கட்டணம் வசூலிப்பது ஊராட்சி. மரணத்துக்குப் பிறகு அருவியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வனத்துறை முனைந்தது. ஊராட்சியும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். பாசனத் தண்ணீர் பற்றிய பயமும், ஊரின் வருமானம் பற்றிய கவலையும், அருவி தங்களுடையது என்ற உரிமையுணர்வும் அந்த எதிர்ப்பில் கலந்திருந்தன.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. வெள்ளம் எங்கே திரளுகிறது என்பதை மேலே காட்டுக்குள் இருப்பவர்தான் முதலில் அறிய முடியும். கீழே ஊரில் இருப்பவர்கள்தான் அருவியை அன்றாடம் பார்த்துக்கொள்ள முடியும். ஆனால் விவாதம் முழுவதும் யாருடையது என்பதிலேயே நின்றுவிட்டது. படிகள், உடைமாற்றும் அறைகள், தடுப்புக் கம்பிகள், ஒலிபெருக்கி, எச்சரிக்கை ஏற்பாடு, வெளியேறும் வழி ஆகியவை எந்த நிலையில் இருந்தன, எது எப்போது மாற்றப்பட வேண்டும், அதற்கான ஆண்டுச் செலவு யார் பெயரில் என்ற பட்டியல் பொதுவெளிக்கு வரவில்லை. உடைமை யாரிடம் இருந்தாலும் அந்தப் பட்டியல் தேவை. அது இருந்தால் உடைமைச் சண்டையின் சூடும் பாதி தணிந்துவிடும். சொத்தோடு சேர்ந்து வரும் செலவைப் பார்த்த பிறகு உரிமை கோரும் குரல்கள் சற்று நிதானமாகும்.

அதே ஆண்டு டிசம்பரில் பேரருவியிலும் வெள்ளம் புரண்டது. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுவது குற்றாலத்தாருக்குப் பழகிய காட்சி. அப்படிக் கொட்டும் ஒவ்வொரு முறையும் தளமும் கம்பியும் அடி வாங்குகின்றன. அதைச் சீர்செய்யும் வேலை அவசர வேலையாக, எங்கிருந்தோ திரட்டிய பணத்தில் நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிச்சயம் வரும் வெள்ளத்தை எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று கணக்கெழுதுவது சரியா என்பதை யோசிக்க வேண்டும். வரும் என்று தெரிந்த செலவுக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு இருக்க வேண்டும்.

சொத்து மேலாண்மைத் திட்டம் என்றதும் கணினி, வரைபடம், ஆலோசனை நிறுவனம் என்று மிரள வேண்டியதில்லை. நம்மிடம் என்னென்ன இருக்கின்றன, அவை எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை காலம் உழைக்கும், எது கெட்டால் உயிருக்கு ஆபத்து, ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும், அந்தப் பணம் எங்கிருந்து வரும். இவற்றுக்கு விடை எழுதி, ஆண்டுதோறும் திருத்தி, மன்றத்தில் தீர்மானமாக வைத்தால் அது திட்டம். இதில் கடினமானது கடைசிக் கேள்விதான்.

ஒரு பொதுக் கழிப்பறையை எடுத்துக்கொள்ளலாம். விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை வைத்துப் பார்ப்போம். கட்ட 30 லட்சம் ரூபாய், கட்டடத்தின் ஆயுள் 30 ஆண்டு என்றால் தேய்மானம் ஆண்டுக்கு ஒரு லட்சம். இரண்டு துப்புரவுப் பணியாளர்களுக்கு மாதம் தலா 12,000 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 2,88,000. விலைவாசியே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் 30 ஆண்டில் அது மட்டும் 86 லட்சத்தைத் தாண்டுகிறது. கதவும் தாழ்ப்பாளும் குழாயும் சீசன் கூட்டத்தில் இரண்டு மூன்று ஆண்டு தாங்கினால் பெரிய விஷயம். மோட்டார் கெடும், கழிவுத் தொட்டியை அள்ள வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்தால் கட்டிய செலவைப் போல் நாலைந்து மடங்கு வந்து நிற்கும். திறப்பு விழா நாளில் கல்வெட்டில் பொறிப்பது அந்த முதல் 30 லட்சத்தை மட்டுமே. மீதித் தொகைக்கு யாரும் அன்று கையெழுத்துப் போடுவதில்லை. பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகள் தமிழகமெங்கும் இருப்பதற்கு இந்தக் கையெழுத்துப் போடாத தொகையே முதற்காரணம்.

குடிநீரிலும் இதே கதை. மத்திய அரசின் குடிநீர்க் கையேடு மோட்டார், பம்புக்கு 15 ஆண்டு, பகிர்மானக் குழாய்க்கு 30 ஆண்டு என்று வடிவமைப்புக் காலம் வகுத்திருக்கிறது. ஜல் ஜீவன் இயக்கம் 2019இல் தொடங்கிய பிறகு கிராமங்களில் ஏராளமான வீடுகளுக்குக் குழாய் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி 2030களின் நடுவில் ஒரு தலைமுறை மோட்டார்கள் ஒன்றாக ஓய்வு கேட்கும். அதற்கான பணத்தை எந்த ஊராட்சி இன்று ஒதுக்கிவைக்கிறது? மேல்நிலைத் தொட்டியை இயக்கும் ஆபரேட்டருக்கு எந்த வால்வு எப்போது மாற்றியது, எங்கே குழாய் ஒழுகும், எந்தக் கோடையில் மோட்டார் திணறும் என்பதெல்லாம் மனப்பாடம். அவர் ஓய்வுபெறும் நாளில் ஊராட்சியின் ஆகச் சிறந்த சொத்துப் பதிவேடும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

பதிவேடு என்ற ஏற்பாடு இல்லாமல் இல்லை. கிராம ஊராட்சி பராமரிக்க வேண்டிய முப்பது சொச்சம் பதிவேடுகளில் சொத்துப் பதிவேடும் ஒன்று. தமிழ்நாட்டின் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் 2000ஆம் ஆண்டுவாக்கிலேயே, வரவு செலவோடு சொத்தையும் கடனையும் தேய்மானத்தையும் சேர்த்து எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்குக்கு மாறின. இந்தியாவில் இதில் முந்திக்கொண்ட மாநிலம் தமிழ்நாடு. 2004இல் வெளியான தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடு நிலைச் சொத்துப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. விலையின்றிக் கிடைத்த சொத்தை ஒரு ரூபாய் என்ற பெயரளவு மதிப்பில் எழுதலாம் என்றும் அது வழி சொன்னது. கணக்காளருக்கு வசதியான வழி. ஆனால் பேருந்து நிலையத்தை ஒட்டிய நிலமும் ஊருக்கு வெளியே உள்ள பள்ளமும் ஒரே ஒரு ரூபாயாக ஏட்டில் நின்றால், எதை வேலி போட்டுக் காக்க வேண்டும் என்று ஏடு சொல்லாது.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. தேய்மானம் ஏட்டில் ஆண்டுதோறும் கழிகிறது. அதற்கீடான ரொக்கம் பெரும்பாலும் எங்கும் ஒதுங்குவதில்லை. கட்டடம் மூப்படைவதைக் கணக்குப் புத்தகம் ஒப்புக்கொள்கிறது, கஜானா ஒப்புக்கொள்வதில்லை. தேய்மானக் கணக்கு வெறும் தணிக்கைச் சடங்காகிவிட்டது. சொத்துப் பதிவேடு இல்லை, இருந்தும் முழுமையில்லை என்ற குறிப்பு உள்ளாட்சிகள் பற்றிய தணிக்கை அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவதில் வியப்பில்லை.

தென்காசி மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிச்சிக்கலும் சேர்ந்தது. உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனது. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பிற மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, மறுவரையறை காரணமாகத் தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. அங்கே வாக்குப்பதிவு நடந்தது 2021 அக்டோபரில். நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் 2022 பிப்ரவரியில். ஆக ஏறத்தாழ ஐந்தாண்டு ஊராட்சிகளையும், அதற்கும் மேலாகப் பேரூராட்சிகளையும் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் மாவட்டத்தின் எல்லைகள் மாறின, கோப்புகள் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு நகர்ந்தன, கொரோனாவால் 2020 மார்ச் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை அருவிகள் மூடிக் கிடந்தன. மூடிய காலத்திலும் இரும்பு துருப்பிடித்தது, ஓடு பெயர்ந்தது. கேள்வி கேட்க மன்றம் இல்லாத ஐந்தாண்டில் சொத்துப் பதிவேட்டை யார் புரட்டியிருப்பார்கள்?

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வேறுபட்ட வழி இருக்கிறது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவில் இறங்கினால் கேரளம். 1990களில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கிய காலத்தில் பள்ளிகள், சுகாதார நிலையங்கள், கால்நடை மருத்துவமனைகள் போன்ற பல நிறுவனங்களைக் கேரள அரசு உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. ஒப்படைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது: கட்டடத்தோடு அதன் ஒழுகலும் சேர்ந்தே வருகிறது. அதற்கு விடையாகக் கேரளத்தின் நிதிப் பகிர்வில் பராமரிப்பு நிதி தனிப் பிரிவானது. வளர்ச்சி நிதி ஒன்று, பொதுச் செலவு நிதி ஒன்று, பராமரிப்பு நிதி ஒன்று. பராமரிப்பு நிதியிலும் சாலைக்கு வேறு, சாலை அல்லாத சொத்துக்கு வேறு. உள்ளாட்சிகளின் சொத்துப் பதிவேட்டுக்கென 'சசித்ரா' என்ற மென்பொருளும் வந்தது. எல்லாப் பஞ்சாயத்திலும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பராமரிப்புக்கென்று பெயரிட்ட பணம் தனியாக வந்தால், புதுக் கட்டடத்தின் கவர்ச்சி அதை விழுங்கிவிடுவதைத் தடுக்க ஒரு வழி பிறக்கிறது. தமிழ்நாட்டில் அந்தத் தடுப்புச் சுவர் பலவீனமானது. திட்டங்கள் புதிதாகக் கட்டுவதற்கே அதிகம் வருகின்றன. கட்டியதைக் காப்பது உள்ளாட்சியின் சொந்த வருவாய்க்கு விடப்படுகிறது.

உலகில் சில நாடுகள் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கின்றன. நியூசிலாந்தில் 1996 முதலே உள்ளாட்சிகள் நீண்டகால நிதித் திட்டம் வகுக்க வேண்டும். 2014இல் வந்த திருத்தம் குறைந்தது 30 ஆண்டுக்கான உள்கட்டமைப்பு உத்தியைக் கோரியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் விதி, 444 நகராட்சிகளும் சொத்து மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும் என்கிறது. சாலை, பாலம், குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்கு 2022 ஜூலைக்குள், பிற சொத்துகளுக்கு 2024 ஜூலைக்குள் என்று தேதி வைத்தார்கள். அந்த 444இல் குற்றாலம் அளவுக்கே மக்கள்தொகை கொண்ட சிற்றூர்களும் உண்டு. சின்ன ஊர் என்பதற்காகச் சலுகை இல்லை. சின்ன ஊரில் ஒரு பாலம் விழுந்தால் அதை மீண்டும் கட்டச் சின்ன ஊரிடம் பணம் இருக்காது என்பதால், அதற்கு முன்யோசனை இன்னும் அதிகம் தேவை.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது ஒதுக்கினால், அவரைத் தென்காசி காசிவிசுவநாதர் கோயிலுக்கு அழைத்துப் போகலாம். 1446இல் அந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு செய்யுளைக் கல்லில் வெட்டிவைத்தான். தன் வெற்றியையோ கொடையையோ அவன் அதில் பாடவில்லை. எதிர்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதேனும் பழுது வந்தால், அப்போது வந்து அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்று, முடிசூடிய மன்னன், பிறக்காத ஒரு மராமத்துக்காரரை வணங்குகிறான். கட்டும்போதே கெடும் என்று அறிந்து, கெடும்போது கவனிக்க ஆள் வேண்டும் என்று கவலைப்பட்ட மனம் அது.

அவன் அஞ்சியது நடந்தது. ஒன்பது நிலை ராஜகோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, பிளந்து, நூற்றாண்டுக்கும் மேலாக மொட்டைக் கோபுரமாக நின்றது. 1990இல்தான் பத்திரிகை அதிபர் சிவந்தி ஆதித்தன் முயற்சியில் சுமார் 180 அடி உயரத்துக்கு மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. அண்மைக் குடமுழுக்கு 2025 ஏப்ரல் 7 அன்று நடந்தது. அதற்கு முன் திருப்பணிகளின் நிலை பற்றிய வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. ஒன்று கவனிக்கத் தக்கது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்த வேண்டும் என்ற கோயில் மரபு, தன்னளவில் ஒரு பராமரிப்புச் சுழற்சி. காலம் தவறினாலும் ஊர் அதை எண்ணிக்கொண்டிருக்கிறது, தள்ளிப்போனால் கேட்கிறது. கோயிலுக்கு இருக்கும் இந்த எண்ணிக்கை பக்கத்திலுள்ள பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இல்லை.

பள்ளிக்கூடம் என்றதும் 2021 டிசம்பர் 17 நினைவுக்கு வருகிறது. திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வுசெய்து, ஆபத்தானவற்றை இடிக்கும் வேலை வேகமெடுத்தது. 2022 வரவு செலவுத் திட்டத்தில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஐந்தாண்டில் 7,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் ஆசிரியர் கல்வித் துறையைச் சேர்ந்தவர், கட்டடம் ஒன்றியத்துடையது. தலைமையாசிரியர் கூரையில் விரிசலைப் பார்க்கிறார். பொறியாளர் வேறு அலுவலகத்தில் இருக்கிறார். இருவருக்கும் நடுவே, ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டடத்துக்கும் நல்லது, பழுது, ஆபத்து என்று குறித்து இருவரும் கையெழுத்திடும் ஒரு தாள் போதும். அந்தத் தாளுக்கு மூன்று குழந்தைகளின் உயிர் விலையாக இருந்திருக்கக் கூடாது.

குளங்களிலும் இப்படித்தான். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஆனால் சிற்றாற்றுப் படுகையில் ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். மேல்குளத்தின் மதகு ஒரு துறையிடமும் கீழ்குளத்தின் கரை இன்னொன்றிடமும் இருந்தால், வெள்ளம் துறை பார்த்து நிற்காது. ஐந்தருவிப் பக்கம் வெண்ணமடைக் குளத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடுகிறது. அந்தக் குளம் பாசனக் குளமும்கூட. ஒரே சொத்துக்கு இரண்டு பயன், இரண்டு கணக்கு.

வருவாய்ப் பக்கம் வருவோம். வண்டி நிறுத்துமிடக் கட்டணம், கடை, சுங்கம் போன்றவற்றை உள்ளாட்சிகள் ஏலம் விடுகின்றன. ஏலம் எடுப்பவருக்கு உரிமை குறுகிய காலத்துக்குத்தான். அந்தக் காலத்துக்குள் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். சீசன் பொய்த்தாலும் வெள்ளத்தால் தடை வந்தாலும் நஷ்டம் அவருடையது. அப்படிப்பட்டவர் தரையில் ஒரு சல்லிக்கல் போடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. உள்ளாட்சிக் கடைகளின் வாடகைக்கு 2007ஆம் ஆண்டின் அரசாணை 92 மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு, ஒன்பது ஆண்டுக்குப் பின் மறு நிர்ணயம் என்று நெறி வகுத்தது. ஆனாலும் வாடகை நிர்ணயமும் பாக்கியும் பல ஊர்களில் நீதிமன்றம் வரை போயின. கடைக்காரரின் தரப்பும் கேட்கத் தக்கதே: கூரை ஒழுகுகிறது, கழிப்பறை இல்லை, எதற்கு வாடகை ஏற்றுகிறீர்கள் என்கிறார். வாடகையில் ஒரு பங்கு அதே கட்டடத்தின் பழுதுபார்ப்புக்கு எனத் தனிக் கணக்கில் விழுந்தால், அந்த வாதத்துக்கும் இடமிருக்காது, வாடகை தரும் மனமும் கூடும்.

ஏலமுறைக்கு மாற்று நம் மாநிலத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. 2010களின் தொடக்கத்தில் நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சிக் கோட்டத்தில் ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. எத்தனை பள்ளம் அடைத்தார் என்பதற்குப் பணம் கொடுப்பதற்குப் பதிலாக, சாலை எந்தத் தரத்தில் இருக்கிறது என்பதற்குப் பணம். தரம் குறைந்தால் தொகையில் பிடித்தம். பள்ளம் விழாமல் பார்த்துக்கொள்வதே ஒப்பந்தக்காரருக்கு லாபமானது. பின்னர் வேறு கோட்டங்களுக்கும் அது விரிந்தது. அருவிக்கரையின் கழிப்பறையையும் உடைமாற்றும் அறையையும் நிறுத்துமிடத்தையும் சேர்த்து ஐந்தாண்டுக்கு இதே முறையில் விட முடியும்.

அருவியும் ஒரு சொத்துதான். உலகக் கையேடுகள் இப்போது இயற்கைச் சொத்து என்று தனித் தலைப்பே போடுகின்றன. எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை விதிக்க நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இயற்கை ஓடையைத் திருப்பித் தனியார் விடுதிகளுக்குள் செயற்கை அருவி உண்டாக்குவதற்கு எதிராக 2022 நவம்பரில் மதுரைக் கிளை கடுமையான உத்தரவு பிறப்பித்தது. மேலே காடு இல்லாவிட்டால் சீசன் இல்லை, சீசன் இல்லாவிட்டால் ஏலமும் இல்லை. ஆனாலும் காட்டின் பராமரிப்புச் செலவும் கீழே வசூலாகும் கட்டணமும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டதே இல்லை.

தென்காசி செய்யக்கூடியது என்ன? மாவட்டம் சிறியது: ஆறு நகராட்சிகள், பத்து ஊராட்சி ஒன்றியங்கள், அவற்றோடு பேரூராட்சிகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. அருவிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் தலைமையில் வனம், நீர்வளம், அறநிலையம், சுற்றுலா, காவல், குற்றாலம் பேரூராட்சி, ஆயிரப்பேரி ஊராட்சி எல்லாம் கையெழுத்திடும் ஒரே பதிவேடு போடலாம். உடைமையை மாற்ற வேண்டாம். யார் எதைக் காப்பது என்பதை மட்டும் எழுதினால் போதும். சீசன் தொடங்குமுன், வைகாசியில், அந்தப் பட்டியலோடு பொறியாளர் நடந்து பார்க்க வேண்டும். வண்டிக் கட்டணத்தில் ஒரு பங்கை, ஏலத் தொகையிலிருந்தே பிடித்து, வேறெதற்கும் எடுக்க முடியாத பராமரிப்புக் கணக்கில் போட மன்றம் தீர்மானிக்க வேண்டும். குற்றாலம் போன்ற ஊர்களுக்கு, வந்து போகும் கூட்டத்தையும் பங்கீட்டுச் சூத்திரத்தில் சேர்க்கச் சொல்லி மாநில நிதி ஆணையத்திடம் கோர, பதிவேட்டில் உள்ள செலவுக் கணக்கைவிட வலுவான சான்று கிடைக்காது.

காலமும் தோதாக இருக்கிறது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளுக்கென 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தபோது, கணக்குகளைப் பொதுவெளியில் வைத்தால்தான் மானியம் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் எனக் கட்டப்பட்டிருந்தது. பராமரிப்பும் அதில் அடங்கும். 16ஆவது நிதிக்குழுவின் ஐந்தாண்டு 2026 ஏப்ரலில் தொடங்குகிறது. தென்காசியின் கிராம ஊராட்சிகளில் 2021இல் பொறுப்பேற்றவர்களின் ஐந்தாண்டும் அதே 2026இன் அக்டோபரில் நிறைகிறது. பதவி முடிந்து போகிற தலைவர், அடுத்து வருபவரிடமோ தனி அலுவலரிடமோ சாவிக்கொத்தையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்படைப்பது வழக்கம். ஆயிரப்பேரியில் அவற்றோடு இன்னொரு நோட்டும் சேர வேண்டும்: பழைய குற்றாலத்தின் படிகள் எத்தனை, எத்தனை பெயர்ந்திருக்கின்றன, கம்பிகள் எந்த ஆண்டு போட்டவை, ஒலிபெருக்கி கடைசியாக எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது, வெள்ள எச்சரிக்கை வந்தால் முதலில் அழைக்க வேண்டிய பொறுப்பாளர் யார், இவற்றுக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, அதில் செலவானது எவ்வளவு.